வாசகர் கேள்வி – பதில்: கனடாவின் வட்டாரப் பதிப்பகங்கள்

கேள்வி: பெரிய புத்தகக் கடைகளில் பன்னாட்டு நிறுவனங்களின் நூல்களே கண்ணில் படுகின்றன. நியூஃபவுண்ட்லாந்து, மானிடோபா போன்ற மாகாணங்களின் பதிப்பகங்கள் அடுத்து என்ன வெளியிடப்போகின்றன என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: உண்டு; செலவில்லாத வழியே உண்டு. கனடியப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் ஆண்டை வசந்தம், இலையுதிர் காலம் என இரண்டு பருவங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய நூற்பட்டியலைச் சில மாதங்களுக்கு முன்பே வெளியிட்டுவிடுகிறார்கள். கடைக்காரர்களும் நூலகர்களும் ஆர்டர் கொடுப்பதற்காகத் தயாராகும் அப்பட்டியலைப் பதிப்பகத்தின் இணையதளத்தில் பொதுவாக எவரும் பார்க்கலாம். கிழக்கே செயின்ட் ஜான்ஸ் நகரின் பிரேக்வாட்டர் (1973), ஹாலிஃபாக்ஸின் நிம்பஸ் (1978), ஃபிரெடரிக்டனின் கூஸ் லேன்; சமவெளி மாகாணங்களில் வினிபெக்கின் டர்ன்ஸ்டோன் (1976), சாஸ்கடூனின் திசில்டவுன் (1975), எட்மன்டனின் நியூவெஸ்ட் (1977); பசிபிக் கரையில் மடீரா பார்க் என்னும் சிற்றூரிலிருந்து இயங்கும் ஹார்பர் (1974) ஆகியவற்றின் பட்டியல்களை ஆண்டுக்கு இருமுறை புரட்டி வந்தாலே போதும். இவற்றுள் பெரும்பாலானவை 1970களில் பிறந்தவை என்பது தற்செயலன்று. அமெரிக்க நூல்களின் வெள்ளத்தில் சொந்த எழுத்து மூழ்கிவிடும் என்ற அச்சமும், பதிப்புத் துறைக்குக் கிடைக்கத் தொடங்கிய அரசு நிதியும் சேர்ந்த காலம் அது.

பட்டியலில் உள்ள அறிமுகக் குறிப்புகள் விற்பவர் எழுதியவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அவற்றைச் சரிபார்க்க, கிழக்கு மாகாணங்களுக்கு ‘அட்லாண்டிக் புக்ஸ் டுடே’, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு ‘பிசி புக்வேர்ல்ட்’ ஆகிய இதழ்கள் உதவும். தாங்கள் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லலாம்: டொரன்டோ பொது நூலகம் ஆர்டர் செய்த நூலை, அது வந்து சேரும் முன்பே முன்பதிவு செய்துகொள்ளலாம், நூலகம் வாங்காத நூலை வாங்குமாறு பரிந்துரைக்கவும் செய்யலாம். ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்குவதைவிட அந்தப் பரிந்துரை அதிகப் பயன் தரக்கூடியது என்பது என் எண்ணம். நூலகம் பல கிளைகளுக்காக வாங்கும். தவிர, நூலகங்களில் இருக்கும் நூல்களுக்காக எழுத்தாளர்களுக்கு ஆண்டுதோறும் தொகை வழங்கும் திட்டம் ஒன்று கனடாவில் 1986 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி: கனடாவின் பெரும் பரிசான கில்லர் பெற்ற நாவல்கூட ஒருமுறை கடைகளில் கிடைக்காமல் போனதாமே? பரிசு வந்தபின் அச்சடித்துக் குவிக்க என்ன தடை? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தாங்கள் குறிப்பிடுவது 2010இல் ஜொஹானா ஸ்கிப்ஸ்ரூட் எழுதிய ‘த சென்டிமென்டலிஸ்ட்ஸ்’ நாவலுக்கு நேர்ந்தது. அதை வெளியிட்ட காஸ்பரோ அச்சகம் நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில் என்ற சிறு நகரில் இருந்தது. தன் நூல்களைத் தானே அச்சிட்டு, பைண்டு செய்வதில் பெருமை கொண்டது. முதற்பதிப்பு 800 பிரதிகள். பரிசு அறிவிக்கப்பட்டதும் நாடெங்கும் கடைகள் கேட்க, அச்சகத்தாலோ வாரத்துக்கு ஏறத்தாழ 1,000 பிரதிகளே தர முடிந்தது. வெளியே கொடுத்து அச்சிடத் தொடக்கத்தில் தயங்கியவர்கள், பின்னர் வான்கூவரின் டக்ளஸ் அண்ட் மக்இன்டயர் நிறுவனம் 30,000 பிரதிகள் கொண்ட எளிய பதிப்பு ஒன்றைக் கொண்டுவர உடன்பட்டார்கள்.

அந்தத் தயக்கத்தைப் பிடிவாதம் என்று பலர் கேலி செய்தார்கள். நான் கேலி செய்யமாட்டேன். ஆயினும், பரிசின் பரபரப்பு சில வாரங்களே நீடிக்கும் நிலையில், அந்த நாள்களில் விற்காத பிரதியின் இழப்பு முதன்மையாக எழுத்தாளரைச் சேர்கிறது என்பதையும் மறுக்க இயலாது. பொதுவாக அச்சடித்துக் குவிக்கத் தடையாக இருப்பது வேறொன்று. விற்காத நூல்களைக் கடைக்காரர் பதிப்பாளருக்கே திருப்பி அனுப்பலாம் என்பது அங்குள்ள வணிக வழக்கம். ஆகவே இன்று 10,000 பிரதிகள் விற்றதாகக் கணக்கில் இருந்தாலும், அடுத்த ஆண்டு அவற்றில் கணிசமான பகுதி வாசலுக்கே திரும்பி வரலாம். சிறு முதலீட்டுப் பதிப்பகத்துக்கு அது தாங்காது. பெரிய நிறுவனங்களும் தடுமாறுகின்றன: டக்ளஸ் அண்ட் மக்இன்டயர் 2012இல் கடன்காரர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்புக் கோர நேர்ந்தது, மறு ஆண்டு, முன்னர் சொன்ன மடீரா பார்க் ஹார்பரின் உரிமையாளர்களே அதை வாங்கினார்கள். ரெஜைனாவின் சிறு பதிப்பகமான கோட்டோ புக்ஸ் 2020இல் திவாலானது.

கேள்வி: ஈழத்தமிழர் கதைகளை இந்த வட்டாரப் பதிப்பகங்கள் வெளியிடுகின்றனவா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இங்கே வட்டார எழுத்தாளர், வட்டாரப் பதிப்பகம் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றியது நியூஃபவுண்ட்லாந்துக் கடலில்தான். அதே மாகாணத்தின் செயின்ட் ஜான்ஸில் வாழும் ஷாரன் பாலா, 2010இல் 492 தமிழர்களுடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்த ‘சன் சீ’ கப்பலின் நிகழ்விலிருந்து தூண்டுதல் பெற்று எழுதிய ‘த போட் பீப்பிள்’ நாவல் 2018இல் வெளிவந்தது. ஆனால் வெளியிட்டது டொரன்டோவின் மக்லெலண்ட் அண்ட் ஸ்டீவர்ட். அது பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் குழுமத்தைச் சேர்ந்தது. எழுத்தாளர் எந்த ஊரில் வாழ்கிறார் என்பதைக் கொண்டு நூல் எந்தப் பட்டியலில் வரும் என்று ஊகிக்க இயலாது. வட்டாரப் பதிப்பகங்கள், பெரு நிறுவனங்கள் ஆகிய இரண்டு வகைப் பட்டியல்களையும் பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி: இந்நூல்களைத் தமிழ்நாட்டிலிருந்து வாங்க இயலுமா? (வாசகர், மதுரை)

பதில்: அச்சு நூலுக்கு அஞ்சல் கட்டணம் நூலின் விலையையே எட்டிவிடக்கூடும். மின்னூல் மேல். ஆனால் ஒரு நூலின் விற்பனை உரிமை வட அமெரிக்காவுக்கு மட்டும் உரியதாக இருந்தால், மின்னூல் கடையின் இந்தியப் பக்கத்தில் அது கிடைக்காது. அப்படிப்பட்ட நிலையில் அதே நூலுக்குப் பிரிட்டிஷ் அல்லது இந்தியப் பதிப்பு இருக்கிறதா என்று பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.