ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

மேடம் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 47 வயது. சிரிக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஏழு வருடமாக இணையத்தில் ஒரு குதிரை வளர்ப்பு விளையாட்டு விளையாடுகிறேன். பந்தயம், சூதாட்டம் எதுவும் கிடையாது. குதிரைக்குத் தீனி போட்டு, தேய்த்துவிட்டு, நல்ல ஜோடி பார்த்து இணை சேர்த்து, குட்டி எடுத்து வளர்ப்பது, அவ்வளவுதான். என்னிடம் 64 குதிரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தினமும் புல், தண்ணீர் வைத்து, பிடரியைச் சீவி, தட்டிக்கொடுத்து, தூங்கவைக்க வேண்டும். ஒருமுறை தூங்கி எழுந்தால் அதற்கு இரண்டு மாத வயது கூடும். நிஜக் குதிரை மாதிரியே பதினோரு மாதம் சினை, எங்கள் கணக்கில் ஆறு நாள். இதோடு ஒரு பொது லாயமும் நடத்துகிறேன். வெளியூர் போகிறவர்கள், பரீட்சை இருக்கிறவர்கள் தங்கள் குதிரைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு செவலைப் பெண் குதிரை இருந்தது. ஒன்பது தலைமுறையாக நான் பார்த்துப் பார்த்து உருவாக்கிய வம்சத்தின் கடைசிப் பெண். அதை என்னுடைய க்ரெமெல்லோ, அதாவது வெளிர் க்ரீம் நிற ஆண் குதிரையோடு சேர்த்தால் பிறக்கும் குட்டி கண்டிப்பாகப் பாலோமினோதான். பொன் நிற உடம்பும் வெள்ளைப் பிடரியுமாக இருக்கும். செவலைக்கும் க்ரெமெல்லோவுக்கும் வேறு நிறம் பிறக்கவே வழியில்லை. அதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 11 நாள் ஆஸ்பத்திரி. விளையாட்டில் நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் உண்டு. நேரில் பார்த்ததில்லை, ஆறு வருடப் பழக்கம். என் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் செவலையை யாருடைய ஆண் குதிரையோடோ சேர்த்துவிட்டிருக்கிறார். அதுவும் செவலை! இரண்டு செவலைக்குச் செவலைதான் பிறக்கும், இது புதிதாக விளையாட வருகிறவருக்குக்கூடத் தெரியும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "11 நாளில் 22 மாதம் ஓடிவிடும், அதற்குக் குட்டி போடும் வயது தாண்டிவிடுமே என்று பயந்துதான் செய்தேன்" என்கிறார். இரண்டு முறை செய்தி அனுப்பினாராம், நான் பார்க்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் நான் எதைப் பார்ப்பது? என் க்ரெமெல்லோ அடுத்த கொட்டடியிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். குட்டி பிறந்தது. அதற்கு நான் பெயர்கூட வைக்கவில்லை.

இன்னொரு பக்கம் என் அண்ணன். வெளிநாட்டில் இருக்கிறார், வருடத்துக்கு ஒரு முறை வருவார். இந்த முறை அம்மா விழுந்ததால் வந்தார், நான்கு நாள் இருந்தார். அம்மா ஏன் இப்படி இளைத்திருக்கிறார், ஏன் இந்த நைட்டி, ஏன் இந்த டாக்டர் என்று ஒரே கேள்வி. அம்மாவின் நீளமான முடியை நான் கத்தரித்துவிட்டேன், படுத்திருப்பவருக்குச் சிக்கெடுத்துக் குளிப்பாட்ட என்னால் முடியவில்லை. அதற்கு அவர் சத்தம் போட்டது பக்கத்து வீடு வரை கேட்டது. "அம்மாவுக்கு அந்த முடி எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அப்புறம் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "குதிரைக்குச் சீவிவிட நேரம் இருக்கிறது, அம்மாவுக்கு இல்லையா? இது போதை. நீதான் முதலில் டாக்டரைப் பார்க்கணும்" என்றார்.

மேடம், நான் விளையாடுவது அம்மா தூங்கிய பிறகுதான். அவருக்கு மறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து என்னை யாரோ நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். துடைத்துவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க, உங்க அம்மா கொடுத்து வச்சவங்க" என்பார். அது வேறு விஷயம். நான் கேட்க வந்தது, ஆறு வருடம் நம்பிய ஒருவர் என் ஒன்பது தலைமுறை உழைப்பை இப்படிப் பாழாக்கலாமா? யாருக்காவது நான் செய்வது கண்ணில் படுகிறதா? ஒரு நன்றி உண்டா? அந்த அக்காவை மன்னிக்கத்தான் வேண்டுமா? அண்ணன் சொல்வது போல இதை விட்டுத் தொலைக்க வேண்டுமா? இரண்டு மணிக்கு முன்னால் தூக்கம் வருவதில்லை.

— பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரி,

சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை குதிரைகளின் பின்னாலேயே போய்விட்டேன். நீங்கள் விவரித்த விதத்தில் அந்தப் பாலோமினோவைப் பார்க்கவேண்டும் போல எனக்கே ஆசை வந்தது. இரண்டாவது தடவை உங்கள் அண்ணன் மேல் கோபம் வந்தது. மூன்றாவது தடவைதான், "உங்க அம்மா கொடுத்து வச்சவங்க" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

பெற்ற தாய் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒரு தாயைப் பற்றி உங்களிடம் சொல்கிறார். அதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே "அது வேறு விஷயம்" என்று மூடிவிட்டீர்கள். செவலைக் குதிரைக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்தீர்கள். அம்மாவுக்கு உங்களை அடையாளம் தெரியாமல் போனதற்கு இரண்டே வரி. ஆகவே மற்றதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

முதலில் மருத்துவம். ஆஸ்பத்திரிக்கு முன்னால் உங்களைத் தெரிந்த அம்மாவுக்கு, திரும்பி வந்ததும் தெரியவில்லை என்றால், அதை மறதி நோயின் கணக்கில் எழுதி விட்டுவிடாதீர்கள். இடுப்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் பிறகு வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வருவது சாதாரணம். சிறுநீர்த் தொற்று, புதிதாகக் கொடுத்த மாத்திரை, நீர்ச்சத்துக் குறைவு இவற்றாலும் வரும். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. எந்த நாளிலிருந்து இப்படி என்று டாக்டரிடம் தேதியோடு சொல்லுங்கள், இந்த வாரமே.

அதெல்லாம் பார்த்த பிறகும் அம்மாவுக்கு உங்களைத் தெரியாமலே இருக்கலாம். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களிலிருந்து இப்படிப்பட்ட இழப்பைப் பற்றி எழுதிவருகிறார். ஆள் எதிரில் இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. இறந்துபோனால் அழலாம், நாலு பேர் வந்து உட்காருவார்கள். இதில் யாரும் வரமாட்டார்கள். அழுதால்கூட, "அம்மாதான் இருக்காங்களே" என்பார்கள். அழ இடமில்லாமல் நிற்கும் ஒருத்திக்கு, அழ ஒரு குதிரை கிடைத்திருக்கிறது. ஒன்பது தலைமுறை வம்சம் அறுந்துபோனதற்கு நீங்கள் இரண்டு மாதமாகத் தூங்காமல் இருக்கிறீர்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்தத் துக்கம் முழுவதும் குதிரையுடையது என்று நம்பவில்லை.

விளையாட்டை விடவேண்டுமா என்று கேட்டீர்கள். போதை என்ற சொல்லை அண்ணன் சட்டென்று வீசிவிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கு நிறுத்த நினைத்தும் முடியாமல் போகவேண்டும், மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளவேண்டும், வாழ்க்கை கெட்டும் தொடரவேண்டும், பொதுவாக ஒரு வருடமாவது அப்படி ஓடியிருக்கவேண்டும். நீங்களோ அம்மாவுக்காக 11 நாள் ஒரு தடவைகூட உள்ளே போகாமல் இருந்திருக்கிறீர்கள். இரவு இரண்டு மணி எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெட்கப்படவும் வேண்டாம். 1996-இல் ஜப்பானில் தமகோச்சி வந்த பிறகு, சாவிக்கொத்து அளவு பொம்மைக்குள் இருந்த பிராணி செத்துவிடக்கூடாது என்று உலகம் முழுக்கக் குழந்தைகள் தவித்தார்கள். கவனித்துக்கொள்ள ஒன்றைக் கையில் கொடுத்தால் மனித மனம் ஒட்டிக்கொள்ளும்.

உங்களுக்கு அதில் இன்னொன்றும் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். புல் வைத்தால் குதிரையின் பலம் ஏறுகிறது. சீவிவிட்டால் மனநிலைக் கோடு ஏறுகிறது. செய்தது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. அம்மாவுக்கு எதைச் செய்தாலும் எந்தக் கோடும் ஏறுவதில்லை. நன்றாகச் சாப்பிட வைத்தாலும் இந்த நோயில் உடம்பு இளைக்கும். நாள் முழுக்க உழைத்துவிட்டு, நேற்றைவிடக் கொஞ்சம் மோசமான ஓர் இடத்தில் வந்து நிற்கிறீர்கள். அப்படிப்பட்ட நாளின் முடிவில் ஏதாவது ஒன்று ஏறுவதைப் பார்க்க மனம் ஏங்காதா? 64 வேண்டுமா என்பது வேறு கேள்வி. பத்துப் பன்னிரண்டைப் பிடித்ததாகத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, மீதியை வேறு கைக்கு மாற்றினால் தூங்கப் போக நேரம் கிடைக்கும்.

இனி அந்த அக்கா. இங்கே நான் உங்கள் பக்கம் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்பது உங்கள் கடிதத்தில் இரண்டு முறை வருகிறது. ஒன்று நீங்கள் அக்காவைப் பற்றிச் சொன்னது. மற்றது அண்ணன் உங்களிடம் சொன்னது. கவனித்தீர்களா? பக்கத்தில் இல்லாத ஒருவர் திரும்பி வருகிறார். தினமும் பார்த்துக்கொண்டவர் அவசரத்துக்கு எடுத்த ஒரு முடிவைப் பிடித்துக்கொள்கிறார். அம்மா உயிரோடும் சுத்தமாகவும் இருப்பது அண்ணன் கண்ணில் படவில்லை, முடி போனதுதான் பட்டது. 64 குதிரைகளும் 11 நாள் பட்டினி கிடக்காமல் நின்றது உங்கள் கண்ணிலும் படவில்லை. அவருக்கும் சொந்தக் குதிரைகள் இருந்திருக்கும், சொந்த வீடு இருந்திருக்கும். வயது தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார், இரண்டு முறை கேட்டும் பார்த்திருக்கிறார். முடி வெட்டுவதற்கு முன்னால் நீங்கள் அண்ணனைக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

நீங்கள் முடியை வெட்டியது தவறு என்று நான் சொல்லவில்லை. படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டுகிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும், நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன். அதே நியாயம் அந்த அக்காவுக்கும் உண்டு. எனக்கு ஒரு நன்றி உண்டா என்று கேட்டீர்களே, அவரும் இரண்டு மாதமாக எங்கோ உட்கார்ந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார். மன்னிப்பது பெரிய வார்த்தை. நீங்கள் அனுப்பவேண்டியது நன்றி. அதை விளக்கம், ஆனால், இருந்தாலும் எதுவும் சேர்க்காமல் அனுப்புங்கள்.

அண்ணனிடம் உங்கள் சேவையை நிரூபிக்கப் போகாதீர்கள், அது முடியாது. அடுத்த முறை அவர் வரும்போது அம்மாவை அவரிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு நாள் எங்காவது போய் இருங்கள். எதை எப்போது கொடுக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள், போனில் நிமிடத்துக்கொருமுறை கேட்காதீர்கள். அவரும் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்வார். செய்யட்டும். அதுவரை வாரத்தில் சில மணி நேரம் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று உங்கள் மனம் சொல்லும், அம்மாவை அடுத்தவர் கையில் விடுவதா என்று. உங்கள் லாயத்தில் குதிரைகளை விட்டுவிட்டுப் போகிறார்களே, அவர்களில் யாரையாவது பொறுப்பில்லாதவர் என்று நீங்கள் நினைத்ததுண்டா?

கடைசியாக அம்மா. மறதி நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளில் ஒன்று தெரியவந்திருக்கிறது. நடந்தது மறந்துபோன பிறகும், அது உண்டாக்கிய சந்தோஷமோ வருத்தமோ கொஞ்ச நேரம் மனதில் தங்கிவிடுகிறது. ஆகவே, "நான் நர்ஸ் இல்லம்மா, உங்க பொண்ணு" என்று தினமும் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். திருத்தினால் அவருக்குக் கிடைப்பது தப்புச் செய்துவிட்டோம் என்ற பயம் மட்டும்தான். அவரைப் பொறுத்தவரை ஒரு நல்ல மனுஷி தன்னைப் பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவு போதும். பெயர் தெரியாவிட்டாலும் அந்தக் கை அவருக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் பிடித்துக்கொள்கிறார்.

அடுத்த முறை "உங்க அம்மா கொடுத்து வச்சவங்க" என்று சொல்லும்போது எழுந்து போய்விடாதீர்கள். "உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்காளாமே, அவ எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.