ஜாலியைச் சுற்றி டைல்ஸ்: கேள்வி பதில்

இன்றைக்குக் குளியலறைத் தரை மட்டும்தான். தடுப்பு, திண்டு எதுவும் இல்லாமல் ஷவர் தண்ணீர் தரை முழுக்க ஓடும் அறை. ஜாலி என்பது தண்ணீர் இறங்கும் வாய்க்கு மேல் போடும் ஓட்டைத் தட்டு. சமையலறை மேடைக் கேள்விகளை இன்னொரு நாள் பார்க்கலாம்.

கானாடுகாத்தான்: அண்ணே, பழைய வீட்டுப் பின்கட்டில் 5-க்கு 7 அடியில் குளியலறை. 2-க்கு 2 டைல்ஸ் வாங்கியாச்சு. தரைத் தண்ணீர் இறங்கும் நாணி ட்ராப் நட்டநடுவில் வருகிறது. வெட்டாமல் முழுசாகவே ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார்.

ஒட்ட விடாதீர்கள். நடுவில் ட்ராப் என்றால் நாலு பக்கமிருந்தும் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, இறங்க வேண்டும். டைல்ஸ் மடங்காது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு விரலை இடிக்கும், இன்னொரு மூலையில் தண்ணீர் தேங்கும். அறையின் நாலு மூலையிலிருந்தும் ஜாலியின் நாலு மூலைக்கு நூல் பிடித்து, அந்தக் கோட்டில் வெட்டித்தான் சேர்க்க வேண்டும். தபால் உறையின் பின்பக்கம் மாதிரி இருக்கும். வெட்டப் பிடிக்கவில்லையென்றால் சின்ன டைல்ஸாக மாற்றுங்கள். ட்ராப் இன்னும் பதிக்கவில்லை என்றால் அதைவிட நல்ல வழி உண்டு: அதைச் சுவரோரம் தள்ளி, சுவர் நீளத்துக்குச் சேனல் ஜாலி போடுங்கள். வாட்டம் ஒரே பக்கம், 2-க்கு 2 முழுசாகவே உட்காரும். அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம். 7 அடி ஓட்டத்துக்கு ஒன்றேமுக்கால் இஞ்ச். கதவுப் பக்கம் அந்த உயரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நடுவில்தான் வரும் என்றால் ஜாலியை நாலு டைல்ஸ் சேரும் இடத்தில் நிறுத்தப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையை மட்டும் வெட்டினால் போதும். அந்த உள்மூலையில்தான் விரிசல் கிளம்பும். நேரே கட்டிங் மெஷினை வைக்காமல், மூலையில் 6 மில்லிமீட்டர் டயமண்ட் பிட்டால் ஒரு துளை போட்டு, இரண்டு பக்கமிருந்தும் துளை வரை வெட்டுங்கள். பிளேடு வட்டம் என்பதால் மேலே வெட்டு முடிந்தாலும் அடியில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். திருப்பிப் போட்டு எடுங்கள். ஜாலி, டைல்ஸ் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வாட்டர்ப்ரூஃப் பூச்சு காய்ந்ததும் ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டுங்கள். சுவரில் மட்டத்தைக் கோடு போட்டு, 24-லிருந்து 48 மணி நேரம் விடுங்கள். கோடு இறங்கினால் டைல்ஸ் பெட்டியைத் திறக்காதீர்கள்.

புதுவயல்: வாட்டம் எவ்வளவு விட வேண்டும்?

மேலே சொல்லியாச்சு.

தேவகோட்டை: வெளிநாட்டில் இருக்கிறோம். திருவிழாவுக்கு வந்து கதவைத் திறந்தால் குளியலறையில் சாக்கடை நாற்றம். டைல்ஸைப் பெயர்க்கணுமா?

பெயர்க்க வேண்டாம். ட்ராப்பில் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்பதுதான் நாற்றத்தைத் தடுப்பது. பூட்டின வீட்டில் அது ஆவியாகிவிடும். ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். ஊருக்குக் கிளம்பும்போது ட்ராப்பை நிறைத்து, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

கோட்டையூர்: தம்பி, குளியலறைக்கும் ஆத்தங்குடிக் கல்லே பாவணும்னு எனக்கு ஆசை.

சுவருக்குப் போடுங்கள் ஆச்சி, தரைக்கு வேண்டாம். அது சுடாத கல். கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் வைத்து, தண்ணீரில் ஊறப் போட்டு எடுப்பது. கண்ணாடி முகம்தான் அதற்கு அந்த வழவழப்பைக் கொடுக்கிறது. சோப்பு நுரையில் அதுவே ஆளைச் சறுக்கிவிடும். தண்ணீரையும் உறிஞ்சும்.

ஆத்தங்குடி: கல் போடுகிற குடும்பம் நாங்கள். தலைமுறை கடந்து நிற்கிற கல்லுக்கு இப்படிக் கெட்ட பேர் வைக்கலாமா?

கெட்ட பேர் இல்லை. பட்டாலைக் கூடத்திலும் தாழ்வாரத்திலும் அதற்கு நிகர் கிடையாது. நான் சொல்வது ஷவருக்கு அடியில்.

பள்ளத்தூர்: வளவு முற்றத்தில் மழையே விழுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

போய்க் குனிந்து பாருங்கள். மழை நேராக விழும் இடத்தில் பல வீடுகளில் கருங்கல்தான் கிடக்கும், பூப்போட்ட கல் சுற்றுத் தாழ்வாரத்தில் இருக்கும். கட்டியவர்கள் விவரமானவர்கள்.

ஆத்தங்குடி: சீலர் அடித்துவிட்டால்?

உறிஞ்சுவது குறையும், வழுக்குவது குறையாது. சீலரும் தேயும், திரும்ப அடிக்க வேண்டும். அதோடு குளியலறைக் கறைக்கு யாராவது ஆசிட் ஊற்றுவார்கள். சிமெண்ட் கல்லை ஆசிட் தின்றுவிடும், சாயம் வெளுத்துவிடும். ஆசையை விட முடியாது என்றால் ஆச்சி, உடை மாற்றும் பக்கம் காய்ந்த தரையில் நாலு வரிசை போடச் சொல்லுங்கள். ஈரப் பக்கத்துக்குச் சொரசொரப்பான ஆண்டி ஸ்கிட் டைல்ஸ். இரண்டும் சேரும் இடத்தில் கருங்கல் பட்டை ஒன்று. ஆத்தங்குடிக்காரருக்கும் சம்மதம்தானே?

ஆத்தங்குடி: நாலு வரிசை போதாது, ஆறு.

சரி, ஆறு.

காரைக்குடி: மொட்டை மாடிக்கு வாட்டம் எவ்வளவு?

மாடி இன்றைக்கு இல்லை.

கண்டனூர்: டைல்ஸ் ஒட்டி முடிந்தது. தண்ணீர் ஜாலிக்குப் போகாமல் கதவுக்கு வருகிறது. மேலே ஒயிட் சிமெண்ட் தடவி வாட்டம் எடுக்கலாமா?

தடவினால் பெயர்ந்து வரும். கதவோரம் ஒரு வரிசை மட்டும் எதிர் வாட்டம் என்றால் அதை மட்டும் எடுத்து ஒட்டலாம். ஒரு வாளி தண்ணீரை நடுவில் கொட்டி எங்கே பிரிகிறது என்று பாருங்கள். பாதி அறையும் கதவுப் பக்கமே சாய்ந்தால் முழுசும் உடைக்க வேண்டியதுதான். உடைத்ததும் பூச்சு புதிதாக அடித்து, மறுபடி தண்ணீர் கட்டிப் பாருங்கள்.