இசை நடத்துநரின் பாதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1943ல், உடம்பு சரியில்லாத ஒரு மூத்த நடத்துநருக்குப் பதிலாக மேடையேறி ஒரே மதியத்தில் புகழ்பெற்றதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் தங்கைக்கு 24 வயது. பியானோவில் பட்டம் வாங்கியவள். இப்போது 40 பேர் கொண்ட ஒரு அமெச்சூர் பாடகர் குழுவை நடத்துகிறாள். ஆர்கெஸ்ட்ரா நடத்துநராக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பாடகர் குழுவிலேயே இருந்தால் பாடகர் குழுக்காரி என்று முத்திரை குத்திவிடுவார்கள், உடனே விட்டுவிட்டு வா என்கிறார்கள் அவளுடைய நண்பர்கள். உங்கள் கட்டுரையைப் படித்த அப்பா, "யாருக்கோ காய்ச்சல் வந்தால்தான் உனக்கு வாழ்வு, இது ஒரு தொழிலா?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. 24 வயது தாமதமா? பாடகர் குழுவை அவள் விடவேண்டுமா? இந்தத் துறையில் பெண்களுக்கு இடம் உண்டா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 1943 நவம்பர் 14 அன்று கார்னெகி ஹாலில் நடந்தது பலமுறை சொல்லப்பட்ட கதை. நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை அன்று நடத்தவேண்டிய புரூனோ வால்ட்டருக்கு ஃப்ளூ. ஆர்கெஸ்ட்ராவுடன் ஒரு ஒத்திகைகூட இல்லாமல் 25 வயது உதவி நடத்துநர் பெர்ன்ஸ்டைன் மேடையேறினார். கச்சேரி வானொலியில் நாடு முழுக்க ஒலிபரப்பானது, மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. இந்தக் கதையில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு சொல் உண்டு: உதவி நடத்துநர். வாராவாரம் வாசிக்கப்போகும் எல்லாப் படைப்புகளையும் படித்து வைப்பது, ஒத்திகையில் உட்கார்ந்து கவனிப்பது, அழைத்தால் ஏறி நடத்தத் தயாராக இருப்பது, இதெல்லாம்தான் அந்த வேலை. அதற்கு முன்பே அவர் கர்ட்டிஸ் இசைக்கல்லூரியில் ஃபிரிட்ஸ் ரைனரிடமும் டாங்கிள்வுட் கோடைகால இசைப் பள்ளியில் கூசெவிட்ஸ்கியிடமும் படித்திருந்தார். வால்ட்டருக்கு உடம்பு சரியில்லாமல் போனது தற்செயல். அந்த நேரத்தில் அங்கே ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் ஒன்றாக எழுதப்பட்ட இசைப் பிரதியை) படித்து முடித்த ஒருவர் இருந்தது தற்செயல் இல்லை. அதே ஆர்கெஸ்ட்ராவுக்கு அவர் இசை இயக்குநர் ஆனது எப்போது தெரியுமா? 1958ல். நடுவே 15 வருடங்கள்.

இத்தாலிய நடத்துநர் டோஸ்கனினியின் கதையும் இப்படித்தான். 1886 ஜூன் 30, ரியோ டி ஜெனிரோ. சுற்றுப்பயண ஓபரா குழுவில் நடத்துநர் பிரச்சினை வெடிக்க, 19 வயது செல்லோ கலைஞரைக் கையைப் பிடித்து மேடையேற்றிவிட்டார்கள். வெர்டியின் 'ஐடா' ஓபரா முழுவதையும் அவர் மனப்பாடமாக நடத்தினார். அந்தப் பயணத்தில் அவர் செல்லோ மட்டும் வாசிக்கவில்லை, பாடகர் குழுவைத் தயார் செய்யும் உதவியாளராகவும் இருந்தார் என்பதை உங்கள் தங்கையின் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். மேடையில் நின்றவர்கள் அவரிடம் பாடிப் பழகியவர்கள். அந்த இரவுக்குப் பிறகும் அவர் செல்லோவை மூட்டை கட்டிவிடவில்லை. அடுத்த வருடம் மிலானில் வெர்டியின் 'ஒடெல்லோ' முதன்முதலாக அரங்கேறியபோது செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்தார். மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கின் தலைமை அவருக்கு வந்தது 1898ல்.

இந்தத் தொழிலின் சிக்கல் அதிர்ஷ்டத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. வயலின் கற்கும் பெண் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தினமும் ஐந்து மணிநேரம் சாதகம் செய்யலாம். நடத்துநருக்கு அது முடியாது. அவருடைய வாத்தியம் மனிதர்கள். கண்ணாடி முன் நின்று கையசைத்துப் பார்க்கலாம், ஸ்கோரை மேசையில் விரித்து மாதக்கணக்கில் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் கையை இறக்கும்போது எதிரே என்ன ஒலிக்கிறது, கேட்டது கிடைக்காதபோது எதை மாற்றுவது என்பதை எதிரே ஆட்கள் இல்லாமல் கற்க வழியே கிடையாது. 80 பேரைக் கூட்டி உட்காரவைப்பது செலவான காரியம். அதனால் யாருடைய வாழ்க்கையை எடுத்துப் பார்த்தாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: இவருக்கு மனிதர்களோடு பழகும் நேரம் எங்கிருந்து கிடைத்தது?

ஜெர்மன் மொழி நாடுகளில் அந்த நேரத்தை ஓபரா அரங்குகள் கொடுத்தன. அங்கே முதல் படி பியானோ. ஆர்கெஸ்ட்ராவின் பகுதியைப் பியானோவில் வாசித்துப் பாடகர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆளை ரெபெடிடோர் என்பார்கள். யாருக்கு எங்கே மூச்சு முட்டுகிறது, எந்த வரியில் தாளம் நழுவுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிடும். அப்புறம் திரைக்குப் பின்னால் நிற்கும் சிறு குழுவை நடத்தச் சொல்வார்கள், பிறகு ஒரு ஓபரெட்டா (இலகுவான ஓபரா), பிறகு யாரும் விரும்பாத செவ்வாய்க்கிழமைக் காட்சி. இசையமைப்பாளரும் நடத்துநருமான மாலர் 1880ல் பாட் ஹால் என்ற சிற்றூரில் ஓபரெட்டா நடத்தத் தொடங்கி, லைபாக், ஓல்மூட்ஸ், காஸல், பிராக், லைப்ஸிக், புடாபெஸ்ட், ஹாம்பர்க் என்று ஊர் ஊராக ஏறி 1897ல்தான் வியன்னா ஓபராவை அடைந்தார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நடத்துநர் கராயன் 1929ல் உல்ம் நகரத்துச் சிறிய அரங்கில் தொடங்கினார். இன்னொரு பெரிய நடத்துநரான சோல்ட்டி புடாபெஸ்ட் ஓபராவில் ரெபெடிடோராக இருந்தவர்.

அதெல்லாம் பழைய காலம் என்று தோன்றினால் நடத்துநர் கிரில் பெட்ரென்கோவைப் பாருங்கள். வியன்னாவின் ஃபோல்க்ஸோப்பர் என்ற ஓபரா அரங்கில் நடத்தினார். 1999ல் மைனிங்கன் என்ற சிறிய ஊரின் அரங்குக்குப் பொறுப்பேற்றார். 2001ல் அங்கே வாக்னரின் 'ரிங்' நான்கு ஓபராக்களையும் அடுத்தடுத்த நான்கு இரவுகளில் நடத்தினார். பிறகு பெர்லின் கோமிஷ் ஓபரா, பிறகு மூனிக். பெர்லின் பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநரை அந்த ஆர்கெஸ்ட்ராவின் கலைஞர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். 2015ல் அவர்கள் பெட்ரென்கோவைத் தேர்ந்தெடுத்தபோது வெளியே பலருக்கு ஆச்சரியம். அவருடைய ஒலிப்பதிவுகள் மிகக் குறைவு, பேட்டியும் கொடுக்கமாட்டார். ஆனால் வாக்களித்தவர்கள் அவரோடு ஒத்திகையில் உட்கார்ந்தவர்கள். எனக்கு மிகப் பிடித்த தேர்தல் இது.

உங்கள் தங்கை பியானோ படித்தவர் என்பதால்தான் இந்தப் பாதையை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அவருக்கு இது திறந்திருக்கிறது.

இன்னொரு வழி ஆர்கெஸ்ட்ராவின் நாற்காலி. ஜூலினி வயோலா வாசித்தவர், ஹைட்டிங்க் வயலின், ஹார்னன்கோர்ட் வியன்னா சிம்பொனியில் 1952 முதல் 1969 வரை செல்லோ. ஃபின்லாந்தில் நடத்துநர்களுக்கான ஆசிரியர் யோர்மா பனுலா இந்த நேரப் பஞ்சத்தை வகுப்பறையிலேயே தீர்த்தார். மாணவருக்கு முன்னால் நிஜமான ஆர்கெஸ்ட்ரா, நடத்துவதை வீடியோவில் பதிவுசெய்து பிறகு உட்கார்ந்து அலசுவது. சலோனென், ஒரமோ, சரஸ்டே எல்லாம் அவரிடம் வந்தவர்கள். அவ்வளவு சிறிய நாட்டிலிருந்து இத்தனை நடத்துநர்கள் வந்ததற்கு இதைவிடப் பெரிய ரகசியம் ஏதும் இல்லை என்றே நினைக்கிறேன். போட்டிகள் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. ஒசாவா 1959ல் பெசன்சோனிலும் டுடமெல் 2004ல் பாம்பெர்க்கிலும் வென்றார்கள், கதவு திறந்தது. ஆனால் டுடமெல் அங்கே போவதற்கு முன்பே வெனிசுவேலாவில் வருடக்கணக்காக இளைஞர் ஆர்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருந்தவர்.

சரி, பாடகர் குழுவுக்கு வருவோம். வாத்தியம் வாங்க வேண்டாம், ஒரு பியானோவும் ஒரு அறையும் இருந்தால் போதும், வாரம் ஒருமுறை 40 பேர் தாங்களாகவே வந்து நிற்கிறார்கள். உலகெங்கும் நடத்துநர் மாணவர்கள் எதற்காக ஏங்குகிறார்களோ அது உங்கள் தங்கையின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வா என்று சொல்பவர்கள் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ளவில்லை என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

அமெரிக்கரான ராபர்ட் ஷா 1941ல் நியூயார்க்கில் காலேஜியேட் கொரால் என்ற பாடகர் குழுவைத் தொடங்கியபோது அவருக்கு 25 வயது. முறையான இசைக்கல்வி மிகக் குறைவு. அவருடைய புகழ்பெற்ற ஒத்திகை முறை இது: பாட்டின் சொற்களை எடுத்துவிட்டு, சுரங்களின் மேல் 'ஒன் அண்ட் டூ அண்ட்' என்று எண்ணிக்கையைப் பாடவைப்பார், அதுவும் மெல்லிய குரலில். ஒவ்வொரு பாடகரும் தாளத்தின் எந்தத் துண்டில் நிற்கிறோம் என்று அறிந்துகொள்வார்கள், குரலும் களைக்காது. டோஸ்கனினி பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு அவருடைய பாடகர்களைக் கேட்டு வாங்கினார். இவ்வளவு பெயர் வாங்கிய பிறகு, 40 வயதில் ஷா என்ன செய்தார்? 1956ல் கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவுக்குப் போய் ஜார்ஜ் செல்லின் கீழ் துணை நடத்துநராகச் சேர்ந்தார். கண்டிப்புக்குப் பெயர்போன செல்லிடம் 11 வருடங்கள் ஆர்கெஸ்ட்ராவைக் கற்றார். 1967ல் அட்லாண்டா சிம்பொனியின் இசை இயக்குநரானார், 1988 வரை இருந்தார். பாடகர் குழுவை அவர் எப்போதும் கைவிடவில்லை.

நம் காலத்திலும் உண்டு. பர்மிங்ஹாம் சிம்பொனி 2016ல் தலைமையேற்க அழைத்த மிர்கா கிராஜினிட்டே-டீலா, பாடகர் குழு நடத்துவதைப் படித்து வந்தவர். ஜான் எலியட் கார்டினர் 1964ல் கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது மான்டிவெர்டி கொயர் என்ற பாடகர் குழுவைத் தொடங்கினார், ஆர்கெஸ்ட்ரா பிறகுதான் வந்தது. ஆர்கெஸ்ட்ரா பக்கம் போகவே வேண்டும் என்றும் இல்லை. எரிக் எரிக்சன் 1951 முதல் 1982 வரை ஸ்வீடன் வானொலிப் பாடகர் குழுவை நடத்தினார். அந்த ஒலியைத் தேடி அபாடோ, முட்டி போன்ற பெரிய ஆர்கெஸ்ட்ரா நடத்துநர்களே வந்தார்கள். ஆர்கெஸ்ட்ரா நடத்துநருக்குத் தயாரான ஒலி கிடைக்கிறது, அதை அவர் வடிவமைக்கிறார். பாடகர் குழு நடத்துநரோ ஒலியையே உண்டாக்க வேண்டும். உயிரெழுத்தை எல்லோரும் ஒரே வாய்வடிவில் சொல்கிறார்களா, ஆல்ட்டோக்கள் (தாழ்ந்த பெண்குரல்காரர்கள்) ஏன் மெல்லச் சுருதி இறங்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்த வேண்டும். இதை எந்த வகையில் கீழ்ப்படி என்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

ஆனால் நண்பர்களின் பயத்தில் ஒரு நியாயம் உண்டு, மறைக்கக்கூடாது. பாடகர் குழுவிலிருந்து வருபவர்கள் ஆர்கெஸ்ட்ரா முன் தடுமாறும் இடங்கள் சில இருக்கின்றன. பெரிய ஆர்கெஸ்ட்ராவின் ஒலி கை விழுந்த கணத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும், அதற்காகக் காத்து நின்றால் வேகம் குறைந்துகொண்டே போகும். சொற்களை வாயால் அசைத்துக் காட்டிப் பழகியவருக்கு, சொற்களே இல்லாத நாற்பது நிமிடங்களில் கை போதாது. தொழில்முறைக் கலைஞர்கள் சுரங்களை முதல் வாசிப்பிலேயே சரியாக வாசித்துவிடுவார்கள். ஒரு கச்சேரிக்குச் சில ஒத்திகைகள்தான், அவையும் கடிகாரத்தைப் பார்த்து நடப்பவை. அங்கே ஐந்து நிமிடம் விளக்கம் சொன்னால் முகங்கள் மாறிவிடும். வயலின்காரர் வில்லை இழுத்துத் தொடங்குவதா தள்ளித் தொடங்குவதா என்று கேட்டால் பதில் வேண்டும். கிளாரினெட்டுக்கு 'ஸி' என்று எழுதியிருக்கும், ஒலிப்பது 'பி ஃபிளாட்'. இவை எல்லாம் கற்கக்கூடியவை. ஒரு தந்தி வாத்தியத்தை, சுமாராக வாசித்தாலும் பரவாயில்லை, இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் எங்கே ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை நடந்தாலும் அனுமதி கேட்டு ஸ்கோரோடு பின்வரிசையில் உட்காரட்டும். கச்சேரியைவிட அங்கேதான் பாடம் அதிகம்.

பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்டோனியா பிரிகோ 1930லேயே பெர்லின் பில்ஹார்மோனிக்கை நடத்திவிட்டார். ஆனாலும் அமெரிக்காவின் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு பெண் இசை இயக்குநராவதற்கு 2007 ஆகிவிட்டது. அவர் மரின் ஆல்சப், பால்டிமோரில். இந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, திறமை இருந்தும் நேரம் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! ஆல்சப் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைக்கல்லூரியில் நடத்துநர் வகுப்புக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர். 1984ல் கான்கார்டியா என்று சொந்தமாக ஒரு ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கிக்கொண்டார். பால்டிமோரில் அவரை நியமித்தபோது அந்த ஆர்கெஸ்ட்ராவின் கலைஞர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அவர் 2021 வரை அங்கே இருந்தார். இன்று நிலைமை மாறியிருக்கிறது, போதுமான அளவுக்கு இன்னும் மாறவில்லை. உங்கள் தங்கைக்கு இடம் உண்டு.

வருமானத்தைப் பற்றி அப்பாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பாடகர் குழு நடத்துநர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று குழுக்கள், தேவாலயம், பள்ளி, தனிவகுப்பு என்று சேர்த்துத்தான் வாழ்கிறார்கள். ஓபரா அரங்கில் ரெபெடிடோருக்கு மாதச்சம்பளம் உண்டு, வேலை கடுமை. பெரிய சம்பளம் உச்சியில் இருக்கும் மிகச் சிலருக்குத்தான். முதல் பத்து வருடங்கள் பியானோ உங்கள் தங்கைக்குச் சோறு போடும், அதனால் அதை விட்டுவிடக்கூடாது.

வயது ஒரு பொருட்டே இல்லை. பெட்ரென்கோ பெர்லினில் பொறுப்பேற்றது 47 வயதில். குந்தர் வாண்ட் ஹாம்பர்க் வானொலி ஆர்கெஸ்ட்ராவின் தலைமைக்கு 1982ல் வந்தபோது 70 வயது, உலகப் புகழ் அதற்குப் பிறகு. பியர் மான்டோ 1961ல் 86 வயதில் லண்டன் சிம்பொனிக்குத் தலைமையேற்றார், 25 வருட ஒப்பந்தம் கேட்டு வாங்கிக்கொண்டு.

அடுத்து உங்கள் தங்கை செய்யவேண்டியது என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். இசையமைப்பாளர் பாக் எழுதிய 4ஆம் எண் கான்டாட்டாவை (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு) எடுக்கட்டும். நான்கு குரல்கள், இரண்டு வயலின் பகுதிகள், இரண்டு வயோலா பகுதிகள், கன்டின்யுவோ (அடித்தளமாக ஓடும் கீழ்ச்சுரப் பகுதி). ஏறத்தாழ 20 நிமிடம். இசைக்கல்லூரி நண்பர்களிலேயே ஏழெட்டுப் பேர் தந்தி வாத்தியக்காரர்கள் கிடைப்பார்கள். பாடகர்களைத் தனியாக முழுமையாகத் தயார் செய்துவிட்டு, தந்திக் குழுவோடு மட்டும் இரண்டு ஒத்திகைகள் வைக்கட்டும். வில் குறிகளை எல்லாப் பிரதிகளிலும் முன்கூட்டியே பென்சிலால் எழுதித் தரவேண்டும். அந்த இரண்டு ஒத்திகைகளையும் வீடியோவில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். விருப்பமிருந்தால் எனக்கு அனுப்பட்டும், உட்கார்ந்து முழுதாகப் பார்க்கிறேன்.