வெறுந்தாள்

அன்புள்ள ஐயா,

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நாம் சாப்பிடுவதற்கும் பருவநிலை மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிக்கொடுக்க, எந்த உணவால் பூமியைச் சூடேற்றும் வாயு எவ்வளவு வருகிறது என்று காட்டும், இணையத்தில் கிடைத்த ஓர் அட்டவணையை எடுத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதி வரச் சொல்லி, மாட்டுக்கறிக்குச் சிவப்பு, கோழிக்கும் முட்டைக்கும் மஞ்சள், சோறு, பால், காய்கறிக்குப் பச்சை என்று புள்ளி வைத்தோம். ஒரு பையன் மட்டும் வெறுந்தாளைக் கொடுத்தான். கேட்டால் பேசவில்லை. வெளிநாட்டுப் பழங்களைப் பற்றிச் சொல்லலாமா? சத்துணவு முட்டையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது சரியா? நல்ல புத்தகம் ஏதாவது உண்டா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் கேட்ட எல்லாவற்றையும்விட அந்த வெறுந்தாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நான் ஆறாவது படிக்கும்போது ஓர் ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி, நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டார். சத்துணவுகள் பற்றிய பாடம்; அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. என் பக்கத்தில் இருந்தவன் "சாம்பார் சார்" என்றான். முந்தின நாள் அவன் வீட்டில் சாப்பிட்டவன் நான். சொல்லிவிட்டு உட்கார்ந்தவனின் காது மடல் சிவந்து கிடந்தது. அன்று முழுக்க அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நம் ஊரில் வீட்டுக் குழம்பைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் உங்களுக்கு இது தெரியாதா? நல்ல நோக்கத்தோடுதான் செய்தீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் என்ன சமைப்பது என்பதில் ஒரு சொல்கூடச் சொல்ல முடியாத பன்னிரண்டு வயதுப் பையன் தாளில் நீங்கள் சிவப்புப் புள்ளி வைக்கக் காத்திருந்தீர்கள். அவன் எதையும் எழுதாமல் கொடுத்தது சரி.

அந்த அட்டவணை அறிவியலாகவும் நம் ஊருக்குப் பொருந்தாது. மாட்டுக்கறிக்குச் சொல்லப்படும் அந்தப் பெரிய எண்கள், கறிக்காகவே வளர்க்கப்படும் மந்தைகளுக்கு உரியவை. இங்கே கதை வேறு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாடும் எருமையுமாக 30 கோடிக்கு மேல். அவற்றில் பெரும்பகுதி வளர்க்கப்படுவது பாலுக்காக. உலகில் அதிகம் பால் கறக்கும் நாடு நாம்தான். மாடு தின்றது செரிக்கும்போது அதன் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது பெரும்பாலும் ஏப்பமாக வெளியே வருகிறது. கன்று ஈன்று பால் தரும் அத்தனை ஆண்டும் அந்த ஏப்பம் உண்டு. பால் வற்றியபின் அதன் கறியைத் தின்பவனுக்குச் சிவப்பு, அத்தனை ஆண்டும் அதன் பாலையும் நெய்யையும் பனீரையும் உண்டவனுக்குப் பச்சையா? ஒரு கிலோ சீஸின் பங்கு ஒரு கிலோ கோழிக்கறியைவிட அதிகம் என்பதையும் உங்கள் அட்டவணை சொல்லியிருக்காது. பாலைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரே மாட்டின் கணக்கை இரண்டாகக் கிழித்து, ஏழை பக்கத்தை மட்டும் வகுப்பில் படிக்காதீர்கள் என்கிறேன்.

வெளிநாட்டுப் பழத்தை விடுங்கள். உங்கள் பிள்ளைகளில் யார் வெண்ணெய்ப்பழம் (அவகாடோ) வாங்குகிறார்கள்? அதோடு, உணவின் மொத்த வாயுக் கணக்கில் போக்குவரத்தின் பங்கு சிறியது. பெரும்பகுதி நிலத்திலும் தொழுவத்திலும் வருவது.

நீங்கள் பச்சைப் புள்ளி வைத்த சோற்றுக்கு வருகிறேன். டெல்டாவில் இருந்துகொண்டு சோற்றுக்குப் பச்சையா? தண்ணீர் கட்டிய நெல்வயலில் சேற்றுக்குள் காற்று போகாது. அங்கே மட்கும் வைக்கோலும் வேரும் மீத்தேனாகின்றன. நிலத்தடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊரே போராடியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அதே வாயு தங்கள் வயலிலிருந்தும் வருகிறது என்றால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். நடவு முடிந்து ஒரு மாதம் போன வயலுக்குக் கூட்டிப்போங்கள். வரப்போரமாகக் குச்சியைச் சேற்றில் குத்தச் சொல்லுங்கள். குமிழ் குமிழாக மேலே வரும். அதில் கணிசமான பங்கு மீத்தேன். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றுவது.

அங்கேயே வயல்காரர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவதைப் பற்றி அவர் சொல்வார். துளையிட்ட குழாயை வயலில் இறக்கி, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மடை திறப்பார்கள். இடையில் மண்ணுக்குள் காற்று போவதால் மீத்தேன் பாதிவரைகூடக் குறையும், தண்ணீரும் மிச்சம். சோற்றை விடவேண்டியதில்லை, விளைவிக்கும் முறை மாறினால் போதும். யாரையும் எழுப்பி நிறுத்தாமலே பிள்ளைகளுக்கு இது புரியும். ஆனால் ஒன்று, முறை மாறுவதால் வரும் தண்ணீர்ச் சிக்கலையும் கேளுங்கள்: கடைமடையில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது, வயலைக் காயவிட்டால் அடுத்த தண்ணீர் எப்போது என்று அவருக்கே தெரியாது. அந்தப் பயத்தைப் பிள்ளைகள் அவர் வாயாலேயே கேட்கட்டும்.

புத்தகம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம், முட்டை. வாரம் ஐந்து முட்டை பல பிள்ளைகளுக்கு அந்த வாரத்தின் நல்ல புரதமே அதுதான். அதன்மேல் கை வைக்காதீர்கள். யாராவது சுற்றறிக்கை கொண்டுவந்தாலும் மறுத்துப் பேசுங்கள்.