ஏ.ஓ.சி. வரட்டும், 529 இருக்கட்டும்

நியூ ஜெர்சி, எடிசனிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், இவர் எச்-4 (எச்-1பி-காரரின் துணைக்கும் பிள்ளைக்கும் தரும் விசா) இ.ஏ.டி., அதாவது வேலை அனுமதி, வைத்து வேலை பார்க்கிறார். மகள் கோயம்புத்தூரில் பிறந்தவள், 2025 செப்டம்பரில் ஒன்பதாவது சேர்ந்தாள். மகன் இங்கேயே பிறந்தவன், ஆறாவது. வீட்டு வருமானம் 2,10,000 டாலர். மகன் பெயரில் 529 என்னும் கல்லூரிச் சேமிப்புக் கணக்கு திறந்து மாதம் 600 டாலர் போட்டு வருகிறார்கள். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன் (ஏ.ஓ.சி. என்பது ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி எம்.பி. அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ்): "2028ல ஏ.ஓ.சி. ஜெயிச்சா காலேஜே ஃப்ரீ ஆயிடும், எதுக்குப் பணத்தைப் பூட்டி வைக்கணும், நிறுத்திட்டு சரவணம்பட்டில ஒரு மனை வாங்கிப் போடலாம்னு அவர் சொல்றார். மகளும் அப்பா பக்கம். நான் என்ன செய்யட்டும்?"

சகோதரி, நிறுத்த வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரரை நான் கேலி செய்யவில்லை. 2016 பிப்ரவரியில் இதே பேச்சை என் எதிரில் உட்கார்ந்து இன்னொரு அப்பா பேசினார். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டில், நியூ ஹாம்ப்ஷயரில், அரசுக் கல்லூரியை இலவசமாக்குவேன் என்ற பெர்னி சாண்டர்ஸ் ஹிலரி கிளிண்டனை 22 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்திருந்த வாரம் அது. அவர் பையன் எட்டாவது. "நாலு வருஷம் இருக்கு, அதுக்குள்ள சட்டம் வந்துடும்" என்றார். நானும் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது. பையன் கல்லூரியில் சேர்ந்தது 2020 இலையுதிர் பருவத்தில். அதற்குள் சாண்டர்ஸ் இரண்டு தடவை தோற்றிருந்தார். அப்பா, மத்திய அரசு பெற்றோர் பெயரில் தரும் பேரன்ட் பிளஸ் கடனை எடுத்தார், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். சாண்டர்ஸ் மேல் அவருக்கு இப்போதும் கோபம் கிடையாது. என் மேல் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மகள் பள்ளி முடிப்பது 2029 ஜூன். அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. யார் ஜெயித்தாலும் பதவியேற்பது 2029 ஜனவரி 20. பெரும்பாலான கல்லூரிகளில் "வருகிறேன்" என்று சொல்லி முன்பணம் கட்டும் நாள் மே 1. நடுவில் இருப்பது நூற்றுச் சொச்சம் நாள். அதற்குள் மசோதா எழுதி, இரு அவைகளிலும் ஜெயித்து, நியூ ஜெர்சியும் கையெழுத்துப் போட்டு, அந்த மாநில அரசின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் பில்லைத் திருத்தி அனுப்ப வேண்டும். மகளைப் பொறுத்தவரை ஏ.ஓ.சி. ஜெயிப்பதும் தோற்பதும் ஒன்றுதான். 2032-ல் சேரப்போகும் மகன் விஷயத்தில் மட்டும் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

அவர் ஜெயிப்பாரா என்று கேட்டால், எனக்கு ஜோசியம் வராது. டிரம்ப் ஜெயிப்பார் என்று 2016-ல் நான் நினைக்கவே இல்லை. அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸுக்கு 2024 அக்டோபரில் 35 முடிந்துவிட்டது, அதனால் வயதுத் தடை இல்லை. 2025-ல் சாண்டர்ஸோடு ஊர் ஊராகப் போய்ப் பெருங்கூட்டம் கூட்டினார். போட்டியிடுவதாக இதை எழுதும் வரை சொல்லவில்லை. கட்சியின் இடதுசாரிப் பக்கத்து வேட்பாளர்களுக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு. 2020-ல் நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா இரண்டிலும் சாண்டர்ஸ் ஜெயித்தார். அப்புறம் தென் கரோலினாவில் பைடன் ஜெயித்ததும் போட்டியில் இருந்த புட்டிஜெஜ், குளோபுச்சார் இருவரும் சில நாட்களில் விலகி பைடன் பின்னால் நின்றார்கள். ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸும் விலகினார். கூட்டத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் அது.

சரி, ஜெயித்தே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். பைடனும் ஜெயித்தவர்தானே? இரண்டு வருட கம்யூனிட்டி கல்லூரிப் படிப்பை எல்லோருக்கும் இலவசமாக்க 10,900 கோடி டாலர் என்று 2021 ஏப்ரலில் அறிவித்தார். செனட்டில் இரு தரப்புக்கும் ஐம்பது ஐம்பது, சொந்தக் கட்சியிலேயே ஒருவர் முறைத்தால் கதை முடிந்தது. அக்டோபருக்குள் அந்தப் பகுதி மசோதாவிலிருந்து காணாமல் போனது. கல்விக் கடனில் 10,000 முதல் 20,000 டாலர் வரை தள்ளுபடி என்று 2022-ல் தன் அதிகாரத்தில் அறிவித்துப் பார்த்தார். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதை ரத்து செய்தது. பணப்பெட்டிச் சாவி அதிபரிடம் இல்லை, காங்கிரஸிடம் இருக்கிறது.

இன்னொரு சாவி மாநிலங்களிடம். சாண்டர்ஸின் "அனைவருக்கும் கல்லூரி" மசோதாவைப் படித்தால் தெரியும்: செலவில் மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசு தரும், மிச்சத்தை மாநிலம் போட வேண்டும். மாட்டேன் என்று ஒரு மாநிலம் சொன்னால் அங்கே படிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டின் ஒபாமா காலத்து விரிவாக்கத்தில் இன்றும் பத்து மாநிலங்கள் சேரவில்லை. நியூ ஜெர்சி சேரும் என்று நினைக்கிறேன், ஆனால் வேலை மாறி டெக்சஸ் போனால்?

2017-ல் அந்த மசோதாவை பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர் பிரமிளா ஜெயபால். சென்னையில் பிறந்தவர், இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்து 16 வயதில் தனியாக இங்கே படிக்க வந்தவர். பெற்றோர் இருந்த சேமிப்பையெல்லாம் துடைத்து அனுப்பிவைத்ததாகச் சொல்வார். நம் வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய கதை. இந்தச் சட்டத்தை எழுத இப்படி ஒருவர் வந்ததில் ஆச்சரியமில்லை.

மசோதாவில் உங்கள் வீட்டுக்காரர் கவனிக்காத ஒரு வரி உண்டு. 2015-ல் சாண்டர்ஸ் முதலில் கொண்டுவந்தபோது எல்லோருக்கும் இலவசம். 2017-ல் நான்கு வருடப் படிப்புக்கு வருமான வரம்பு 1,25,000 டாலர் என்று வந்தது. 2016-ல் கிளிண்டன் கடைசியில் ஒப்புக்கொண்டதும் அதே எண்தான். புட்டிஜெஜ் 1,00,000 என்றார், கோடீஸ்வரர் பிள்ளைக்கு ஏன் இலவசம் என்பது அவர் வாதம். நூலகமும் அரசுப் பள்ளியும் எல்லோருக்கும் இலவசம்தானே, பணக்காரரிடம் வரியாக வாங்கிக்கொள்ளலாம் என்பது சாண்டர்ஸ் வாதம். வாதத்தில் நான் சாண்டர்ஸ் பக்கம். வருமானச் சான்றிதழ் கேட்கும் எந்தத் திட்டத்திலும் ஏழைதான் முதலில் வரிசையைவிட்டுப் போவான் என்பதை இத்தனை வருடமாகப் பார்த்துவிட்டேன். அது போகட்டும். 2,10,000 வாங்கும் வீடு 1,25,000 வரம்பில் வராது. வரம்பு ஒவ்வொரு மசோதாவிலும் மாறிக்கொண்டே இருக்கிறது. "இலவசம்" என்ற சொல் உங்கள் வீட்டையும் சேர்த்துச் சொல்கிறதா என்பது கடைசி நாள் வரை தெரியாது.

சேர்த்தாலும் இலவசமாவது படிப்புக் கட்டணம் மட்டும். மாநிலத்துப் பிள்ளை மாநில அரசுக் கல்லூரியில் படிக்க 2024-25-ல் நாடு முழுக்கச் சராசரிக் கட்டணம் 11,610 டாலர். தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் சுமார் 30,000. ரட்கர்ஸில் கட்டணமே 18,000-ஐ ஒட்டி நிற்கிறது. பாதிக்கு மேல் மற்ற செலவு, அதை சாண்டர்ஸ் மசோதா முழுசாகத் தொடவில்லை. விடுதி வாடகையையும் சாப்பாட்டையும் 529-லிருந்தே கட்டலாம், பாதி நேரப் படிப்பாவது படித்தால் போதும். ஆக கல்லூரி இலவசமானாலும் உங்கள் 529 வீண்போகாது. அப்படியும் மிஞ்சினால், கணக்கு தொடங்கி 15 வருடம் ஆகியிருக்கும் பட்சத்தில் மகனின் ராத் ஐ.ஆர்.ஏ. என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு 35,000 டாலர் வரை மாற்றலாம், 2024 முதல் அந்த வழி திறந்திருக்கிறது. அதையும் தாண்டி வெளியே எடுத்தால் லாபத்தின் மேல் மட்டும் வரியும் 10 சதவீத அபராதமும், நீங்கள் போட்ட முதலுக்கு ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் நடுவே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோற்ற சாண்டர்ஸின் யோசனை மாநிலம் மாநிலமாக ஜெயித்துக்கொண்டிருக்கிறது. 2017 ஜனவரியில் நியூயார்க் ஆளுநர் குவோமோ அரசுக் கல்லூரிக் கட்டணத்தை ஏற்கும் எக்செல்சியர் உதவித்தொகையை அறிவித்தபோது மேடையில் பக்கத்தில் நின்றவர் சாண்டர்ஸ். (அந்த உதவி வாங்கினால் படித்த வருடக் கணக்குக்கு நியூயார்க்கிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் அது கடனாக மாறிவிடும். இலவசத்தின் பின்பக்கத்தையும் படியுங்கள்.) டென்னசியில் கம்யூனிட்டி கல்லூரியை இலவசமாக்கியது ஒரு குடியரசுக் கட்சி ஆளுநர். உங்கள் நியூ ஜெர்சியிலேயே என்.ஜே. ஸ்டார்ஸ் உதவித்தொகை இருக்கிறது: வகுப்பில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்தால் கவுண்டி கல்லூரியில் (அங்கே கம்யூனிட்டி கல்லூரிக்கு அந்தப் பெயர்) படிப்புக் கட்டணம் கிடையாது, வீட்டு வருமானத்துக்கு வரம்பும் கிடையாது. அங்கே இரண்டு வருடம் முடித்து அசோசியேட் பட்டம் வாங்கினால், 2007-ல் வந்த மாநிலச் சட்டப்படி ரட்கர்ஸ் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கிரெடிட்களை ஏற்க வேண்டும். கம்யூனிட்டி கல்லூரி என்றாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஊரில் சொல்ல வெட்கமாம். பட்டத்தில் கடைசியாகப் படித்த இடத்தின் பெயர்தான் இருக்கும்.

இன்னும் பெரிய வேடிக்கை எடிசனிலிருந்து அரை மணி நேரக் காரோட்டத்தில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பிரின்ஸ்டன் அறிவித்தது: 2,50,000 டாலர் வரை வருமானம் உள்ள பெரும்பாலான குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் 2,00,000 வரை என்கின்றன. உங்கள் வருமானத்துக்கு இன்றைய தேதியில் கைக்கெட்டும் இலவசக் கல்லூரி அந்தப் பணக்காரக் கல்லூரிதான். உள்ளே போவதுதான் கஷ்டம், விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேர்கூடத் தேறுவதில்லை. இருந்தாலும் மகளைப் பொறுத்தவரை இதில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது: இந்தக் கல்லூரிகள் விசாவைப் பார்த்து உதவியைக் குறைப்பதில்லை.

எனக்குக் கவலை உங்கள் மகளைப் பற்றித்தான். கடிதத்தில் நீங்கள் அவளைப் பற்றிக் கேட்கவே இல்லை. எச்-4-ல் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி எதுவும் கிடையாது, கடன்கூடக் கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். இதுவரை வந்த இலவசத் திட்டங்களில் பலவும் அதே கோட்டில்தான் நிற்கின்றன. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், தம்பிக்குத் திறக்கும் கதவு அக்காவுக்குத் திறக்காது. அப்பா பக்கம் நின்று ஏ.ஓ.சி.க்குக் கைதட்டும் பெண்ணுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள்.

அதோடு 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். அவள் அப்போது மூன்றாம் வருடத்தில் இருப்பாள். கிரீன் கார்டு வரிசை அதற்குள் நகராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அப்படி மாறினால் மாநிலத்துப் பிள்ளைக்கான கட்டணம் தொடருமா, வெளியாள் கட்டணம் போடுவார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. அவள் விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு இடத்திலும் இந்த ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். போனில் சொன்ன பதில் செல்லாது. மத்திய அரசுக் கடனை நம்பியும் இருக்காதீர்கள்: பேரன்ட் பிளஸ் கடனுக்குப் பெற்றோரும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்க வேண்டும். 2026 ஜூலை முதல் அதற்கும் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்துவிடுகிறது.

ஆகவே மாதம் 600 மகன் கணக்கில் தொடரட்டும். அவன் 2032-ல் சேரும்போது, மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பமான ஃபாஃப்சா பார்ப்பது உங்கள் 2030 வருமானத்தை. அந்த வருடத்தில் பங்கு விற்பது, போனஸ் வாங்குவது போன்றவற்றை இப்போதே மனதில் குறித்து வையுங்கள். கூடுதலாக முடிந்ததை மகளுக்காகத் தனியே, சாதாரண வங்கிச் சேமிப்பில் போடுங்கள், நினைத்தபோது எடுக்கும்படி. அவள் இங்கே படிப்பாளா, கனடா போவாளா, கோயம்புத்தூருக்கே திரும்புவாளா என்பது அவள் கையில் முழுசாக இல்லை. வெளிநாட்டில் என்றால், 529 பணத்தை அமெரிக்கக் கல்வித்துறைப் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும்தான் அபராதமில்லாமல் பயன்படுத்தலாம். தேவைப்பட்டால் மகன் கணக்கை அக்கா பெயருக்கு மாற்றலாம். அவளுக்கு வரி எண் வேண்டியிருக்கும், உங்கள் வரிக் கணக்கரான சி.பி.ஏ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரவணம்பட்டி மனை வாங்குவது உங்கள் வீட்டுக்காரர் இஷ்டம். வேறு பணத்தில் வாங்கட்டும். மகள் 2029-ல் பணம் கேட்கும்போது மனையை மூன்று மாதத்தில் விற்று, டாலராக்கி, இங்கே கொண்டுவர முடியுமா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

கடிதத்தின் கடைசியில், மகள் ஏ.ஓ.சி. பிரசார டி-ஷர்ட் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். வாங்கித் தராதீர்கள். பிரசாரக் கடையில் டி-ஷர்ட் வாங்குவதும் தேர்தல் சட்டத்தில் நன்கொடைக் கணக்கில்தான் வரும். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் பத்து டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, நீங்கள் இருவரும் அதில் அடக்கம். சம்பளம் வாங்காமல் வாலண்டியராகப் போய் வீடு வீடாகக் கதவு தட்டலாம், போன் பேசலாம், அதற்குத் தடையில்லை. ஆசைப்பட்டால் அனுப்பிவையுங்கள்.