குளிரில் உதிரும் மிளகாய்ப்பூ: எந்தப் புத்தகம் உதவும்?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டுத் தோட்டத்தில் மிளகாய் போட்டிருக்கிறேன். பூக்கிறது, ஆனால் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடுகிறது. நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள், ஆங்கிலமானாலும் பரவாயில்லை.

பதில்: முதலில் டேவ் டிவிட்டும் பால் போஸ்லண்டும் 2009இல் எழுதிய ‘தி கம்ப்ளீட் சில்லி பெப்பர் புக்’. விதையிலிருந்து சமையல்வரை எல்லாம் உண்டு. ஆனால் விதைப்புக் காலத்தை அப்படியே எடுக்காதீர்கள். அது அமெரிக்க உறைபனிக் காலத்தை வைத்துப் போட்ட கணக்கு. வெப்பநிலை 55 என்றிருந்தால் ஃபாரன்ஹீட், நமக்குச் சுமார் 13 டிகிரி. இரவுக் குளிர் அதற்கும் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காம்போடு விழும். உங்கள் செடிக்கும் அதுவாகவே இருக்கலாம். தழைச்சத்து மிஞ்சினாலும் உதிரும். யூரியாவை நிறுத்திப் பாருங்கள்.

பிப்ரவரியில் வீட்டுக்குள், கதகதப்பான இடத்தில் தட்டில் விதையுங்கள். மண் 25 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சீக்கிரம் முளைக்கும்.

இனங்களை அடையாளம் காண ஜீன் ஆண்ட்ரூஸின் ‘பெப்பர்ஸ்’ (1984). படங்கள் அவரே வரைந்தவை. அதில் ரொக்கோட்டோ என்ற மிளகாய் இனத்தைப் பாருங்கள்: ஊதாப்பூ, ரோமமுள்ள இலை, கறுப்பு விதை. ஆண்டிஸ் மலைக்காரன், குளிர் தாங்கும். உறைபனி மட்டும் ஆகாது.