உள்ளூர் பனிச்சறுக்கு மலையைப் பெரிய நிறுவனம் வாங்கினால் சறுக்குபவர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

எல்லோரும் கொதிப்பதில்லை. பல பனிச்சறுக்கு மலைகளை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம் வெய்ல் ரிசார்ட்ஸ் 2008-இல் கொண்டுவந்த 'எபிக் பாஸ்' ஒன்று கையில் இருந்தால் பல மலைகளில் சீசன் முழுக்கச் சறுக்கலாம். அடிக்கடி போகிறவர்களுக்கு லாபம்தான். சிக்கல் அப்புறம் வருகிறது: கூட்டம் கூடும், ஒருநாள் டிக்கெட் எட்டாத விலைக்குப் போகும், ஊழியர் சம்பளமோ ஊர் வாடகைக்கே போதாது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் மலையை வெய்ல் 2018-இல் வாங்கியது. 2021-22 குளிர்காலத்தில் ஆள் பற்றாக்குறையால், சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் பல லிஃப்டுகள் ஓடவில்லை. 40,000-க்கும் மேற்பட்டோர் புகார் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

யூட்டா மாநிலத்தில் வெய்லுக்குச் சொந்தமான பார்க் சிட்டி மலையில் 2024 டிசம்பர் இறுதியில் மீட்புப் பணியாளர்கள் கூடுதல் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுமுறைக் கூட்டம் நீண்ட வரிசையில் தவித்தது. ஆனாலும் பலரின் கோபம் நிறுவனத்தின் மேல்தான். இத்தனைக்கும் அடுத்த சீசன் பாஸையும் வாங்குவார்கள். பக்கத்தில் வேறு மலை வேண்டுமே!